காயாத பசை

அல்தாப் மூன்றாவது தடவையாகத் துணியைத் தின்னரில் முக்கி நகக்கண்களைத் தேய்த்தான். நேற்று செம்பூர்க்காரப் பையன் ஒருவனின் காருக்கு ஆரஞ்சு நிறத்தில் பக்கக்கோடு அடித்திருந்தான். அந்த ஆரஞ்சு நகத்துக்கும் சதைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது. கட்டைவிரல் நுனி எரிந்தது. எரியட்டும் என்று இன்னும் அழுத்தினான்.

"போதும் விடுங்க, தோலு வந்துரும்," என்றாள் மனைவி ஷைஸ்தா, குழாயடி வாசலில் நின்று. "அங்க எல்லாரும் வந்தாச்சாம். போன் மேல போன்."

"மய்யித்தத் தொடுத கையி. பெயின்டோடயா போறது?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஷைஸ்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மய்யித்தை, செத்த உடலைத் தொடுகிற கையாம். யார் தொட விட்டார்கள்? நீ தொடக் கூடாது என்று ஊர் பார்க்க, அல்லா மேல் ஆணையிட்டுச் சொல்லிவிட்டல்லவா போயிருக்கிறார் மனிதர்.

அவனுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன் ஜஹாங்கீர். ஐம்பத்தெட்டு வயது, நூற்றைந்து கிலோ. காலையில் எட்டு மணிக்குக் கடையிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தவர், "சாயிரா, நெஞ்ச லேசாப் பிடிக்கி, தண்ணி தா" என்று சொல்லிவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்தார். மனைவி சாயிரா தம்ளரோடு திரும்பி வந்தபோது சாய்ந்திருந்தார். மூன்று வருஷமாக அவருக்கு இருதய மாத்திரை எழுதிக்கொடுத்து வந்த தெரு டாக்டரே வந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சர்டிபிகேட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று.

சீத்தா கேம்ப்பில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டே சந்து. அந்த இரண்டு சந்தை நடக்க அல்தாபுக்கு அன்றைக்கு அத்தனை நேரமாயிற்று. தின்னர் வாசம் கையோடு கூடவே வந்தது.

அண்ணன் தம்பிக்குள் என்னதான் சண்டை என்று கேட்டால், கேட்கிறவன் சிரித்துவிடுவான். சொத்தில்லை, பெண்டாட்டிமார் பேச்சில்லை. ஒரு சின்னக் காரின் கூரை.

ட்ராம்பே ரோட்டில் அவர்கள் கடை. மும்பையில் சின்னக் கார் வைத்துக்கொண்டு பெரிய ஆசைப்படும் பிள்ளைகள் எல்லாம் அங்கே வருவார்கள். வேகம் வேண்டுமென்றால் ஜஹாங்கீர். ஷோக்கு வேண்டுமென்றால் அல்தாப். ஜஹாங்கீருக்குப் பெரிய கார் என்றாலே இளக்காரம். "அது வேகமாப் போறதுல என்னல இருக்கு? துட்டு குடுத்திருக்கான், போவுது. சின்னக் காரு சிக்னல்ல கெளம்பிப் போணும், பெரிய காருக்காரன் கண்ணாடிய எறக்கி, இது என்ன வண்டிடான்னு கேக்கணும். அதுதான் வேல." எஞ்சினின் மூச்சுக் குழாயை மாற்றுவார், புகைக்குழாயை அகலப்படுத்துவார், ஸ்பிரிங்கை வெட்டாமல் சரியான ஸ்பிரிங்கைத் தேடிப் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் தாழ்த்துவார். ஆனால் வெளியே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஸ்டிக்கர் ஒட்டுனா வேகம் வருமால? அப்ப நெத்தில ஒட்டிக்கிட்டு நீ ஓடு."

"உங்க எஞ்சின யாரு பாக்கா? அது பானட்டுக்குள்ள கெடக்கு. மொதல்ல பாக்கணும், பாத்தாத்தான் ஏறுவான்," என்பான் அல்தாப்.

இப்படி இருபது வருஷம் வாயடித்துக்கொண்டே சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், செம்பூரில் யாரோ ஒருவரின் கார் மேல் குல்மொஹர் மரம் விழுந்தது. கூரை அப்பளம். எஞ்சினில் ஒரு கீறல் இல்லை. இரும்பு விலைக்கு அதை வாங்கி வந்த ஜஹாங்கீர் ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எட்டாம் நாள், "கூரைய வெட்டிருவோம்," என்றார். அல்தாபுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கூரையில்லாத கார்! செம்பூரில் எவன் வைத்திருக்கிறான்?

ஆறு மாதம் இரண்டு பேரும் அதிலேயே கிடந்தார்கள். கூரையை வெட்டினால் எடை குறையும் என்றுதான் அல்தாப் நினைத்திருந்தான். ஜஹாங்கீர் தலையில் அடித்துக்கொண்டார். "கூரைதாம்ல வண்டியப் பிடிச்சு வச்சிருக்கு. அத எடுத்தா வண்டி நடுவுல தொங்கிரும். வெட்டுனதுக்கு ரெண்டு பங்கு இரும்ப அடில வைக்கணும்." வைத்தார். போதாதென்று, முன்சீட்டுக்குப் பின்னால் இந்தப் பக்கத் தூணிலிருந்து அந்தப் பக்கத் தூணுக்குக் குறுக்கே கனத்த குழாய் ஒன்றை வெல்டு வைத்தார். அல்தாப் பால் வெள்ளை அடித்தான், சிவப்புச் சீட்டு தைத்தான், பின்னால் மாட்ட ஃபைபரில் தன் கையாலேயே இறக்கை மாதிரி ஒரு ஸ்பாய்லர் வார்த்தான். வளைந்து மேலே எழும்பி நிற்கும் அந்த ஸ்பாய்லரைப் பார்த்து ஜஹாங்கீர், "இதுல துணி காயப் போடலாம்," என்றார். ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

ஆர்.டி.ஓ. காகிதத்தில் அது செத்த வண்டி, ரோட்டில் விட முடியாது. ஐரோலியில் ஒரு கம்பெனி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கார்க் கூட்டம் நடக்கும். இழுவை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோவதென்று ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் காக்கா வீட்டுக்குப் போனதும் அல்தாப் காரைத் தள்ளி நின்று பார்த்தான். எல்லாம் அழகு, அந்தக் குறுக்குக் குழாய் ஒன்றைத் தவிர. சிவப்புச் சீட்டுகளுக்கு நடுவே தண்டவாளம் போட்ட மாதிரி நின்றது. ஒரே ஒரு நாளைக்குத்தானே, திங்கட்கிழமை திரும்ப வெல்டு வைத்துக்கொள்ளலாம் என்று கட்டரை எடுத்து அறுத்து எடுத்துவிட்டான். புத்தி கெட்டவன்.

மறுநாள் மைதானத்தில் ஜஹாங்கீர், கூட்டத்தைப் பார்த்த பரபரப்பில், பின்னால் பார்க்காமலே ஏறி உட்கார்ந்தார். நேர்க்கோட்டில் விட்டார். பெரிய பெரிய கார்களெல்லாம் பின்னால் நின்றன. ஜனம் கத்தியது. அவர் திரும்பி வந்து வண்டியை நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிவிட்டு, கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. நூற்றைந்து கிலோவுக்கு வண்டி நடுவில் தொங்கிக் கதவு சட்டத்துக்குள் இறுகிவிட்டது. அந்தப் பக்கக் கதவும் அப்படித்தான். நாற்பது போன் நாற்பது பக்கத்திலிருந்து படம் பிடிக்க, மனிதர் சீட்டின் மேல் ஏறி, பின்சீட்டுக்குத் தாண்டி, டிக்கி மேல் உட்கார்ந்து, இறங்குவதற்குப் பிடிமானமாக ஸ்பாய்லரைப் பிடித்தார். அல்தாப் அதை வெறும் இருபக்க டேப்பில் ஒட்டியிருந்தான். ஸ்பாய்லர் கையோடு வந்தது. ஸ்பாய்லரும் அவருமாகத் தரையில் விழுந்தார்கள். பேன்ட் பின்னால் கிழிந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அல்தாபும் சிரித்துவிட்டான். குழாயை அறுத்ததைக்கூட மன்னித்திருப்பார். அந்தச் சிரிப்பைத்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

தரையில் உட்கார்ந்த வாக்கிலேயே, ஸ்பாய்லரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன். இனிமே நீ எனக்குத் தம்பி இல்ல. நான் மௌத்தானா என் மய்யித்த நீ தொடக் கூடாதுல."

மறுநாள் கடையின் நடுவில் பிளைவுட் தடுப்பு வந்தது. பின்சுவரை ஒட்டிக் குறுக்காக நின்ற அந்தக் காரை நகர்த்த முடியாமல் தடுப்பு அதன்மேல் வந்து முட்டி நின்றது. எஞ்சின் காக்கா பக்கம், டிக்கி தம்பி பக்கம். குறுக்குக் குழாயை ஜஹாங்கீர் திரும்ப வெல்டு வைத்தார். உடைந்து வந்த ஸ்பாய்லரை மட்டும் தன் பக்கத்துச் சுவரில், தடுப்புக்கு மேலாக அல்தாபின் கண்ணில் தினமும் படுகிற உயரத்தில் ஆணியடித்து மாட்டினார்.

மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் சாயிரா மைனி வழியாகத்தான். ஆறடி தள்ளி நிற்கிறவர் வீட்டுக்குப் போன் போடுவார். வீட்டிலிருந்து மைனி அல்தாபுக்குப் போன் போடுவாள். "தம்பி, பன்னெண்டாம் நம்பர் ஸ்பானர் அந்தப் பக்கம் வந்திருக்கான்னு உங்க காக்கா கேக்காவ." அல்தாப் ஸ்பானரைத் தடுப்புக்கு அடியில் தள்ளுவான். மதியம் ஒரே அடுக்குச் சட்டியில் இரண்டு பேருக்கும் சோறு வரும். காக்கா தன்னுடையதை எடுத்துக்கொண்டு, மீதியைத் தடுப்புக்கு அடியில் தள்ளுவார். தள்ளும்போது ஒரு நாளும் மீன் துண்டைக் குறைத்ததில்லை.

இதெல்லாம் சந்தில் வந்து நின்ற ஆண்களுக்கும் தெரியும். எதிர்க்கடை டயர் கணேசபாண்டியன் அல்தாபைக் கண்டதும் எழுந்து வந்து தோளைப் பிடித்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகப் பஞ்சர் ஒட்டுகிறவர், ஐரோலிக்கு அன்று அவரும்தான் வந்திருந்தார்.

"காலைல ஆறரைக்கு டீ வாங்கிக் குடுத்தேன் பாய். குடிச்சாரு. ஏழே முக்காலுக்கு வீட்டுக்குப் போயிட்டு வாரேன், ஷட்டரப் பாத்துக்கன்னாரு. நடையில ஒரு தளர்ச்சியும் இல்ல. நான்தான் பூட்டி வச்சிருக்கேன்." சாவியை எடுத்துக் காட்டினார்.

வீட்டு முன்னால் சந்தை மறித்துத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து குளிப்பாட்டும் பலகை வந்திருந்தது. டிரம்மில் தண்ணீர், அடுப்பில் இலந்தை இலை கொதிக்கிற வாசம். காக்காவின் மகன் ராஹில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான். ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காரின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று மட்டும் தெரியும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"வாங்க சாச்சா," என்றான். உள்ளே திரும்பிப் பார்த்தான்.

கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் சாயிரா இருந்தாள். கணவன் இறந்து இத்தா இருக்கிறவள் கொழுந்தன் முன்னால் வர மாட்டாள். திரைக்குக் கீழே அவளுடைய கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"மைனி," என்றான் அல்தாப். "குளிப்பாட்ட நானும் நிக்கட்டா?"

கால் விரல்கள் மடங்கின.

"நூறு தடவ கேட்டிருப்பேன் தம்பி. போதும், தம்பிதான, அந்தச் சொல்ல வாபஸ் வாங்குங்கன்னு. ஒவ்வொரு தடவயும், 'பாப்போம்'னு சொல்லுவாக. ஒரு தடவ 'சரி'ன்னு சொல்லிருந்தா நானே உங்களக் கூட்டிட்டுப் போய் நிறுத்துவேன். அவுக மூச்சு இல்லாம கெடக்கும்போது அவுக சொல்ல நான் எப்படி மீறுவேன், சொல்லுங்க."

"நான் சிரிச்சிருக்கக் கூடாது மைனி."

"நானுந்தான் சிரிச்சேன்," என்றான் ராஹில் திடீரென்று. "போன்ல படம் பிடிச்சவனுவள்ல ஒருத்தன் நான். வாப்பா என்ன ஒண்ணும் சொல்லல." சொல்லிவிட்டுக் குழந்தையைப் போல அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தார்ப்பாய்க்குள் போனான்.

அல்தாப் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளே பள்ளிவாசல் மோதினார் பிஸ்மில்லா சொல்வது கேட்டது. தண்ணீர் விழும் சத்தம். ஒரு கெண்டி, இன்னொரு கெண்டி. கபன் துணி சுற்றிவிட்டால் பிறகு முகம் மட்டும்தான். அதையும் தூர நின்று பார்க்க வேண்டியதுதான். சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமக்கலாம், அது கட்டை, அதைத் தொடலாம். மண் போடலாம். ஆனால் அந்தத் தடித்த கை? பத்து வயதில் தாராவிப் பாலத்தில் ரயில் பார்க்கக் கூட்டிப் போனபோது தன் கையை விடாமல் பிடித்திருந்த கை. அதை இனி ஒரு தடவை பிடிக்க முடியாது. அல்தாப் தன் நகங்களைப் பார்த்தான். ஆரஞ்சு முழுக்கப் போயிருந்தது. வாய்விட்டு அழுதான். யாரும் தடுக்கவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. உள்ளே ஏதோ முணுமுணுப்பு. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு மோதினார் வெளியே வந்தார். முழங்கை வரை நனைந்திருந்தது.

"ஒரு சங்கடம்," என்றார். "வலது கைல கறுப்பா என்னமோ அப்பியிருக்கு. உள்ளங்கை, வெரலு எல்லாம். ரெண்டு சோப்பு கரைச்சாச்சு, போவல. தண்ணி தோல்ல படணும்லா? படாட்டி குளிப்பாட்டுனது சேராது."

"கிரீஸா இருக்கும். மண்ணெண்ணெ போட்டா போயிரும்," என்றார் கணேசபாண்டியன்.

"கிரீஸ் எனக்குத் தெரியாதா? அவுக கைல கிரீஸ் இல்லாத நாளு எது? இது வேற. இந்தா, என் கைலயும் ஒட்டிக்கிச்சு."

மோதினார் இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தார். நடுவில் கறுப்பாக ஒரு இழை நீண்டு, அறுந்தது.

அல்தாப் எழுந்துவிட்டான். மோதினாரின் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். சந்தேகமே இல்லை.

"இது எஞ்சின் பக்கத்துச் சாமானே இல்ல," என்றான். "கண்ணாடி, ஸ்பாய்லர் ஒட்டுத பசை. என் பசை. என் அலமாரிலதான் இருக்கும்."

அவன் திரையைப் பார்த்துத் திரும்பினான்.

"மைனி, கேட்டியளா? காக்கா என் பக்கம் வந்திருக்காக. மூணு வருஷத்துல மொத தடவயா என் பக்கம் வந்து என் பசைய எடுத்திருக்காக."

"எதுக்கு?"

"தெரியல மைனி."

"அத எப்படி எடுக்கணும்?" என்று மோதினார் இடையில் புகுந்தார். அவருக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. "அத மொதல்ல சொல்லுங்க. தின்னரா?"

"தின்னர் வேண்டாம். எரியும்." சொன்ன பிறகுதான் யாருக்கு எரியும் என்று நினைத்தான். ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை. "தேங்காண்ணெயக் கொஞ்சம் சூடு காட்டிச் சீனி போட்டுத் தேய்க்கணும். அழுத்தக் கூடாது, தோலு வந்துரும். பொறுமையா உருட்டி உருட்டி எடுக்கணும். அது கைப்பழக்கம்."

"எங்களுக்கு அந்தக் கைப்பழக்கம் இல்ல," என்றார் மோதினார். திரையைப் பார்த்தார். "தாயீ, குளிப்பாட்டுறது எல்லார் மேலயும் உள்ள கடமை. இந்த வேல தெரிஞ்ச ஆளு இங்க ஒருத்தர்தான். வீட்டுக்காரங்க நீங்க, சொல்லுங்க."

திரைக்குக் கீழே அந்தக் கால்கள் அசையாமல் இருந்தன. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"ராஹில், எண்ணெயச் சூடு பண்ணுல," என்றாள் சாயிரா. பிறகு, "போங்க தம்பி. நாளைக்கு அவுக என்கிட்ட ஏன்னு கேட்டா, நான் பதில் சொல்லிக்கிடுதேன்," என்றாள்.

அல்தாப் தார்ப்பாய்க்குள் குனிந்து போனான்.

பலகை மேல் காக்கா கிடந்தார். துணி போர்த்தியிருந்தது. முகத்தில் ஒரு கோபமும் இல்லை. இருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. வலது பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கனமான கை. ஈரமாக இருந்தது. பசை உள்ளங்கை ரேகையெல்லாம் ஓடி, விரலிடுக்கில் அடைந்து, கட்டைவிரலில் தொப்பி போட்டிருந்தது. எத்தனை ட்யூப் பிதுக்கினாரோ.

"கிளவுஸ் போட வேண்டாமா?" என்றான் மெதுவாக. "வர்ற பயலுவளுக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு நீங்களும் கேட்டுட்டுத்தான இருந்திய."

எண்ணெயை ஊற்றினான். சீனியைத் தூவினான். ஒவ்வொரு விரலாகத் தேய்த்தான். பசை முதலில் பிடிவாதம் பிடித்தது. பிறகு சின்னச் சின்னக் கறுப்பு இழையாக உருண்டு வந்தது. சுண்டுவிரல் முடிந்தது, மோதிரவிரல் முடிந்தது. பக்கத்தில் ராஹில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தான். மோதினார் அவசரப்படுத்தவில்லை. கட்டைவிரலின் பசை போனதும் அதன் நுனியில் பழைய தழும்பு தெரிந்தது, வெல்டிங் சூடு. எல்லாம் போன பிறகும் அல்தாப் கையை விடவில்லை. பத்து வயதில் பிடித்த மாதிரி விரலைக் கோத்துப் பிடித்துக்கொண்டான்.

"காக்கா, மாப்பு," என்றான். "சிரிச்சதுக்கு."

"இப்ப தண்ணிய நீங்களே ஊத்துங்க," என்றார் மோதினார், கெண்டியை அவனிடம் நீட்டி. முதலில் அந்தக் கைமேல் ஊற்றினான். தண்ணீர் தோலில் பட்டு வழிந்தது.

பிறகு எல்லாம் ஒழுங்குப்படி நடந்தது. கற்பூரத் தண்ணீர், கபன், தொழுகை. சந்தூக்கின் முன்கால் அல்தாபின் தோளில். நூற்றைந்து கிலோ ஆளைத் தூக்கிக்கொண்டு சீத்தா கேம்ப் சந்துகளில் திரும்புவது லேசில்லை. பின்னால் சுமந்தவர்கள் மூச்சு வாங்கினார்கள். "பாய் கடைசிவரைக்கும் எடையக் கொறைக்கல," என்று கணேசபாண்டியன் கண்ணீரோடு சொன்னார். மையவாடியில் கபுர்க் குழிக்குள் இறங்கியவர்களில் ஒருவனாக அல்தாப் நின்றான். தலைப் பக்கம் அவன்தான் பிடித்தான்.

திரும்பி வரும்போது அந்தி மக்ரிப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ட்ராம்பே ரோடு முனையில் அல்தாப் நின்றான்.

"சாவியக் குடுங்க அண்ணாச்சி," என்று கணேசபாண்டியனிடம் கையை நீட்டினான். "பாத்துட்டு வந்துருதேன்."

ராஹிலும் கூட வந்தான்.

ஷட்டரைத் தூக்கியதும் பசை வாசம் முகத்தில் அடித்தது. அல்தாப் விளக்கைப் போட்டான். காக்காவின் பக்கத்துச் சுவரில் வெறும் ஆணி. தடுப்பைச் சுற்றித் தன் பக்கம் போனான். அலமாரிக் கதவு திறந்திருந்தது. தரையில் மூன்று ட்யூப், மூன்றும் கடைசிச் சொட்டு வரை பிதுக்கிச் சுருட்டியது. அரை ட்யூப் போதும் அந்த வேலைக்கு.

பால் வெள்ளைக் காரின் டிக்கி மேல் ஸ்பாய்லர் உட்கார்ந்திருந்தது. உடைந்த முனையை இரும்புத் தகடு வைத்து ஒட்டுப் போட்டிருந்தார், அதன்மேல் வெள்ளை பெயின்ட், தூரிகைக் கோடு தெரியத் தெரிய. காய்கிறவரை நகராமலிருக்கக் காகித டேப் ஒட்ட வேண்டும். அவர் கரண்ட் வேலைக்கு வைத்திருந்த சிவப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தார். வலது பக்கம் முட்டுக்கொடுக்க ஒரு மரத்துண்டு. இடது பக்கத்துக்கு அதே கனத்தில் மரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை நிறுத்தி வைத்திருந்தார். ஸ்பாய்லரின் ஓரமெல்லாம் கறுப்புப் பசை பிதுங்கி வழிந்து கட்டியாக நின்றது. காய்ந்துவிட்டால் இரண்டு ஆள் பிடித்துத் தொங்கினாலும் வராது.

தன் வாழ்நாளில் இத்தனை மோசமாக ஒட்டின ஸ்பாய்லரை அல்தாப் பார்த்ததில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ராஹில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "சாச்சா, எடது பக்கம் ரெண்டு வெரக்கடை தூக்கிட்டு நிக்கி. உள்ள இன்னும் காயல. இப்பவே அமுக்குனா நேராயிரும்." கையைக் கொண்டுபோனான். "அமுக்கட்டா?"

"தொடாதல," என்றான் அல்தாப்.

"கோணலாத் தெரியுதே."

"தெரியட்டும். இருவத்து நாலு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. நாளைக்குக் காலைல வரைக்கும் ஆவும்."

இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒன்று மட்டும் நுனி விட்டு எழும்பியிருந்தது. அல்தாப் கையைக் கைலியில் துடைத்துவிட்டு, அந்த நுனியை மட்டும் ஒற்றை விரலால் மெல்லத் தடவி ஒட்டினான். விளக்கை அணைத்தான். வெளியே வந்து, தினமும் சடாரென்று இழுத்துவிடும் ஷட்டரை அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்து, அதிராமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினான்.